கேசு இல்லாத மாதப்பன்

நல்லம்பள்ளிப் பக்கம் போய் "மாதப்பன் வூடு எது?" என்று கேட்டால், "எந்த மாதப்பன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்குத் தெரு மாதப்பன் இருக்கிற ஊர் அது. "கேசு இல்லாத மாதப்பன்" என்று கேட்டுப் பாருங்கள், சின்னப்பிள்ளைகூடக் கையைக் காட்டும். காலமெல்லாம் லாரி ஓட்டியும் அவர் மேல் ஒரு விபத்து வழக்குக் கிடையாது. ஆட்டை அடித்துவிட்டார், கோழியை நசுக்கிவிட்டார் என்றுகூட எவரும் வந்து வாசலில் நின்றதில்லை. தொப்பூர்க் கணவாய் ஏறி இறங்குகிற டிரைவர்களில் இப்படி இன்னொரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்!

அந்தப் பெருமை அவருக்கும் இருந்தது. இல்லாமல் என்ன? டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"எம்மேல ஒரு கேசு உண்டாய்யா? போலீசு டேசன் வாசப்படி எந்தப் பக்கம் பாத்து இருக்குதுன்னு கேட்டாக்கூட எனக்குத் தெரியாது."

கேட்கிறவர்கள் நூறு தடவை கேட்டவர்கள்தான். ஆனாலும் தலையாட்டுவார்கள், ஏனென்றால் அவர் சொன்னது நிஜம்.

இந்தப் பேர் சும்மா வந்ததல்ல. மீசை அரும்பாத வயதில் அவர் சென்னப்பன் என்கிற டிரைவரிடம் கிளீனராக ஏறினார். ஒரு நாள் தொப்பூர் இறக்கத்தில் வண்டி நின்றுபோனது. பின்னால் வருகிற வண்டிக்குத் தெரிகிற மாதிரி ரோட்டில் கல் வைத்துவிட்டு வருகிறேன் என்று மாதப்பன் சொன்னதற்கு, "ரெண்டு நிமிச வேலடா, கல்லு எதுக்கு? போயி தண்ணி புடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டுச் சென்னப்பன் வண்டிக்கு அடியில் புகுந்தார். மாதப்பன் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடை வரைக்கும் போனார். மேலேயிருந்து பிரேக் பிடிக்காமல் வந்த ஒரு லாரி, நின்ற வண்டியின் முதுகில் மோதியது. தண்ணீரோடு திரும்பி வந்தபோது தண்ணீர் குடிக்க ஆள் இல்லை.

அன்றிலிருந்து மாதப்பனுக்கு ஒரு வழக்கம். வண்டி நின்றால் ஜாக்கியைத் தொடமாட்டார், ஸ்பானரைத் தொடமாட்டார். முதலில் இறங்கிப் பின்பக்கம் நடப்பார். தேங்காய் அளவு கல்லாகப் பொறுக்கிச் சாலையில் வரிசையாக வைப்பார். பக்கத்தில் புங்கனோ வேம்போ இருந்தால் ஒரு கிளையை ஒடித்துக் கல்லுக்கு முன்னால் போடுவார். வளைவாக இருந்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் போய் வைப்பார். அப்புறம்தான் வண்டிக்கு வருவார். "சாமிக்கல்லு நடறான் பாரு" என்று மற்ற டிரைவர்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார். மழையென்றாலும் வெயிலென்றாலும் கல் வைக்காமல் அவர் ஒரு டயர் மாற்றியதில்லை.

வைப்பது சரி. எடுப்பது? அதைக் கேட்டால் லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். கல் கிடந்த இடத்தில் கிடக்கும். பின்னால் வருகிறவன் ஒதுக்கி ஓட்டுவான், இல்லையென்றால் திட்டிக்கொண்டே காலால் தள்ளுவான். நம் சாலையில் ஓட்டுகிற எவனுக்கும் கண் தரையில்தான் இருக்கும். பள்ளம் இருக்கும், மாடு படுத்திருக்கும், ராகிக் கதிரைப் பரப்பிப் போட்டிருப்பார்கள், அதோடு கல்லும் ஒன்று. இந்த விஷயத்தில் மாதப்பனும் மற்றவர்கள் மாதிரிதான். தன் ஆயுசில் வைத்த கல்லைத் திரும்பப் போய் எடுத்தவர் இல்லை.

மகள் ரேவதி நர்சு படிப்புப் படித்து நியூசிலாந்து போனாள். மருமகன் அருள்குமார் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர், அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. பேத்தி பிறந்து தவழ ஆரம்பித்ததும், "வந்து பாத்துட்டுப் போங்கப்பா" என்று ரேவதி டிக்கெட் போட்டு அனுப்பினாள். மாதப்பனும் மனைவி முனியாயியும் விமானம் ஏறினார்கள். ஊரே வழியனுப்ப வந்தது. இறங்கிய ஏர்போர்ட்டில் ஊறுகாய் ஜாடியைப் பிடுங்கிக்கொண்டார்களே என்று முனியாயி அழுதது தனிக் கதை.

அங்கே போய்ச் சில நாள் கழித்து, ஏரி, மலையெல்லாம் சுற்றிக் காட்டுகிறேன் என்று அருள்குமார் ஒரு வாடகைக் கார் எடுத்தார். மாமனாரின் பெயரையும் இரண்டாவது டிரைவராகச் சேர்க்கச் சொன்னார். கார் கொடுக்கிற பெண் விட்டபாடில்லை. வெளிநாட்டிலிருந்து சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஓட்டி நிறைய விபத்து நடக்கிறது, பழக்கதோஷத்தில் வலதுபக்கம் ஏறிவிடுகிறார்கள், போட்டோ எடுக்க நடுரோட்டில் நிறுத்துகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி ஒரு படத்தையும் போட்டுக் காட்டினாள். ஸ்டியரிங் பக்கத்தில் இடதுபக்கம் அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் வேறு. அருள்குமார் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல மாதப்பனுக்குச் சிரிப்பு வந்தது.

"எனக்கே பாடமா? நம்மூர்லயும் இடதுபக்கந்தான்னு சொல்லுங்க மாப்ள. எம்மேல ஒரு கேசு இல்லன்னும் சொல்லுங்க."

அருள்குமார் சொன்னார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தாள்.

அந்த ரோட்டில் வண்டி ஓட்டிய சுகத்தை மாதப்பன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு மாடு குறுக்கே வரவில்லை. ஒரு பள்ளம் இல்லை. "இந்த ரோட்ல ஓட்டறதுக்கு டிரைவர் எதுக்கு புள்ள, நீயே ஓட்டலாம்" என்று முனியாயியைச் சீண்டினார். சாயங்காலம் ஒரு சின்ன ஊரைத் தாண்டும்போது, வேலி ஓரமாக ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரின் வெளியே ஒட்டியிருந்த வாடகைக் கம்பெனி ஸ்டிக்கரைப் பார்த்ததும் கையை ஓங்கிக் கத்தினார்.

"என்னான்னு எழுதியிருக்குது?" என்று மாதப்பன் கேட்டார்.

"மெதுவா போங்க, என் பொண்டாட்டி இங்கதான் செத்தான்னு எழுதியிருக்குதுப்பா. எவனோ டூரிஸ்ட்டு தப்பான பக்கம் வந்து அடிச்சிட்டானாம். அதுலருந்து இந்தப் பெரியவரு இப்பிடித்தான் நின்னுட்டு இருப்பாரு. பேப்பர்லகூட வந்துச்சு. ஒரு தடவ ரோட்டுக்குக் குறுக்க கட்டைய இழுத்துப் போட்டு, போலீசு கண்டிச்சு வுட்டுச்சாம்" என்றாள் ரேவதி.

"ஐயோ பாவம்" என்றார் மாதப்பன். மனதாரத்தான் சொன்னார். வேகத்தையும் குறைத்தார்.

அந்த ஊரைத் தாண்டி மலையோரமாக ஒரு வளைவு. வளைவு திரும்பியதும் டயர் போய்விட்டது. ஒதுங்க இடமில்லாத குறுகலான சாலை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சரிவு. அருள்குமார் ஸ்டெப்னியை உருட்டி எடுப்பதற்குள் மாதப்பன் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். ஓடைக்கல் நல்ல உருண்டையாக, வழுவழுவென்று கிடந்தது. பொறுக்கி வரிசையாக வைத்தார். புங்கன் இல்லை, வேம்பு இல்லை. மஞ்சள் பூ பூத்த ஒரு முள்செடி இருந்தது. கையில் முள் கிழிக்கக் கிழிக்க ஒரு கிளையை ஒடித்துப் போட்டார்.

அந்த நேரத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. அதே கிழவர். கண்ணாடியை இறக்கி மாதப்பனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். என்னவோ சொன்னார். மாதப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. கிழவர் கையை நீட்டிக் கல்லைக் காட்டினார், பிறகு கையை வீசிச் சாலை ஓரத்தைக் காட்டினார். எடுத்துப் போட்டுவிடு என்கிறார். அதற்கு மொழி எதற்கு? மாதப்பனுக்கு நன்றாகவே புரிந்தது. கையைத் தூக்கிக் கும்பிடு போட்டு, சரி என்று தலையாட்டினார். கிழவர் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

டயர் மாற்றி முடிந்தது. தூறல் போட்டது. குழந்தை வீரிட்டு அழுதது. "சீக்கிரம் ஏறுங்கப்பா, பாப்பாவுக்குப் பசி" என்று ரேவதி அவசரப்படுத்தினாள். மாதப்பன் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். வளைவுக்கு அந்தப் பக்கம் போய் எடுத்துவிட்டு வர எவ்வளவு நேரம் பிடிக்கும், ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்! கல் ஞாபகம் வராமலும் இல்லை. வந்தது. காலுக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை. சாவியைத் திருகினார், வண்டி கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை தங்கியிருந்த அறையில் ரேவதி போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நேத்து அந்த வளைவுல கல்லு வெச்சீங்களே, எடுத்தீங்களா?"

மாதப்பன் முள் கிழித்த தன் கையைப் பார்த்தார்.

பால்பண்ணையில் வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போன ஒரு பையன், வளைவில் கிளையைப் பார்த்து ஒதுங்கி, கல்லில் ஏறி, சரிவில் விழுந்து செத்துப்போனான். போனில் அவன் படம் இருந்தது. கன்றுக்குட்டி ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாதப்பன் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். போனைக் கட்டிலில் வைத்தார்.

"போலீசுக்குப் போலாம் மாப்ள. வெச்சது நாந்தான்னு சொல்லிடறன். என்னா வேணாலும் பண்ணட்டும்."

அருள்குமார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மாமா, நாங்க இங்கியே தங்கறதுக்கு எழுதிப் போட்டு இப்பத்தான் விசாரணையில இருக்குது. கார் எம்பேர்ல எடுத்தது. சாவு கேசு ஒண்ணு வந்துச்சுன்னா அத்தனையும் போச்சு. மூட்டையக் கட்டிட்டு ஊருக்கு வந்துர வேண்டியதுதான்."

"அதுக்காவ?"

"செத்தவன் திரும்பி வருவானாங்க?" என்றாள் முனியாயி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "வாய மூடிட்டு இருங்க. பெத்த புள்ளயோட பொழப்பக் கெடுத்துறாதீங்க."

ரேவதி எழுந்தாள். குழந்தையைத் தூக்கி வந்து அப்பாவின் மடியில் வைத்தாள். அது அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. அந்த இழுப்பில் மாதப்பன் அடங்கிப்போனார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னாலேயே அடுத்த செய்தி வந்துவிட்டது. போலீஸ் பலகைக் கிழவரை விசாரித்தது. முன்பு கட்டை இழுத்துப் போட்டவர்தானே, இப்போது கல்லும் முள்ளும் வைத்திருக்கிறார் என்று ஊர் பேசியது. அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். வாடகைக் காரில் வந்த ஒரு பெரியவர், வெள்ளை மீசை, எடுத்துவிடச் சொன்னேன், சரியென்று தலையாட்டினார் என்றார். யார் நம்புவார்கள்? எதற்கெடுத்தாலும் டூரிஸ்டையே குற்றம் சொல்கிற ஆளாயிற்றே! அப்படி யாராவது இருந்தால் தாங்களாக முன்வந்து சொல்லவேண்டும் என்று போலீஸ் டிவியில் கேட்டுக்கொண்டது. மாதப்பன் அதை மகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். தன் மீசையைத் தான் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுநாள் அதை மழித்துவிட்டார்.

மீசை இல்லாமல் வந்து இறங்கியவரை நல்லம்பள்ளி தலையில் தூக்கி வைத்து ஆடியது. "பாரின் போயிட்டு ஸ்டைலே மாறிப்போச்சு" என்றார்கள். அவர் பழைய முதலாளி சந்திரமோகன் வந்து, சாலைப் பாதுகாப்பு விழா நடத்தப் போகிறோம், விபத்தில்லாத டிரைவர் என்று உனக்குத்தான் பொன்னாடை என்று சொல்லிவிட்டுப் போனார். மாதப்பன் வேண்டாம் என்றார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வாரம் தவறாமல் மகள் போனில் முகம் காட்டுவாள். பேத்தியைக் காட்டுவாள். மாதப்பனுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"அந்தப் பெரியவரு என்னா ஆனாரு?"

"ஆதாரம் இல்லப்பா, ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"ஊர்க்காரங்க?"

"ஜன்னல ஒடைச்சிட்டாங்களாம். கடையில சாமான் குடுக்கறதில்லயாம். வுடுங்கப்பா."

எப்படி விடுவது? சோறு இறங்கவில்லை. இந்த வாரம் கண்டிப்பாக அங்கே போலீசில் சொல்லிவிடச் சொல்வேன் என்று உட்காருவார், பேத்தி சிரிக்கும், அடுத்த வாரம் என்று எழுந்துவிடுவார். பொங்கல் கழியட்டும் என்றார். விழா முடியட்டும் என்றார். அட, மனுசா! அங்கே ஒருத்தன் இவர் வைத்த கல்லைத் தன் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறான். இவர் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா அன்று காலை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது ரேவதியிடமிருந்து போன் வந்தது. குரலில் பல நாள் கழித்து ஒரு தெம்பு.

"அப்பா, இனிமே பயமில்ல. அந்தப் பெரியவரு பிக்கப்போட ஏரியில எறங்கிட்டாராம். அவருதான் கல்லு வெச்சிருக்கணும், மனசு உறுத்திச் செத்துட்டாருன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. இனிமே யாரும் தேட மாட்டாங்க. கேசு முடிஞ்சிருச்சுப்பா."

மாதப்பன் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே நின்றார். பெற்ற மகள்தான். காய்ச்சலில் கிடக்கிற முன்பின் தெரியாத கிழவர்களுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போடுகிறவள்தான். ஒருவர் செத்ததை இப்படி மூச்சுவிட்டுக்கொண்டு சொல்கிற அளவுக்கு அவளைக் கொண்டுவந்தது யார் என்று யோசித்தார்.

கல்யாண மண்டபத்தில் நாற்காலி நிறைந்திருந்தது. சந்திரமோகன் பொன்னாடையைப் போர்த்தி, "ஒரு கேசுகூட இல்லாத நம்ம மாதப்பன் ரெண்டு வார்த்த பேசுவாரு" என்று மைக்கைக் கையில் திணித்தார். மாதப்பன் பேசினார். ஒன்றையும் விடவில்லை. கல் வைத்ததைச் சொன்னார், எடுக்காததைச் சொன்னார், பையனைச் சொன்னார், ஏரியைச் சொன்னார். "எம்மேல ரெண்டு உசுரு இருக்குதுங்க" என்று முடித்தார்.

பின்வரிசையில் எவனோ ஒருத்தன் கை தட்டினான். உண்மையைச் சொல்கிற மனசு யாருக்கு வரும் என்று மற்றவர்களும் தட்டினார்கள். மாதப்பனுக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. சந்திரமோகன் அவர் தோளை அணைத்துக் கீழே கூட்டி வந்தார்.

"அட, வுடுப்பா. கல்லு வெக்காத டிரைவர் எவன் இருக்கான்? பைக்ல வர்றவன் பாத்து வரணும். இதெல்லாம் ஒரு தப்பா?"

சுற்றி நின்ற டிரைவர்கள் அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட, ஏன்யா எடுக்கவில்லை என்று கேட்கவில்லை.

பொன்னாடையோடு நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தார். வாசற்படி எந்தப் பக்கம் என்று தெரியாதவர் வழியில் விசாரித்துக்கொண்டு போனார். எஸ்.ஐ. நிர்மலா தங்கமான பெண். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து முழுவதையும் கேட்டார்.

"ஐயா, நடந்தது வேற நாட்டுல. அந்த நாட்டுப் போலீசு கேட்டாத்தான் நாங்க ஏதாச்சும் பண்ண முடியும். அவங்க கேக்கலயே?"

"கேட்டாங்க மேடம். டிவியில கேட்டாங்க. நாந்தான் போவல."

நிர்மலா பேனாவை மூடி வைத்தார். "உங்க பொண்ண அங்க போயி சொல்லச் சொல்லுங்க" என்றார். மாதப்பன் அங்கேயே உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவை மணியே அடிக்கவில்லை. விழாவில் அவர் பேசியதை எவனோ போனில் படம் பிடித்து அதற்குள் அவளுக்கும் அனுப்பியிருந்தான். நம்மாட்களுக்கு அதெல்லாம் எவ்வளவு நேரம்?

"உங்க பேர்ல ஒரு கேசும் இல்லைங்கய்யா," என்றார் நிர்மலா, அவரைத் தேற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு. "நிம்மதியா வூட்டுக்குப் போங்க."

முனியாயி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். வழி நெடுக அவள் அவரைத் திட்டினாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்து, பேத்தியின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு அந்தப் போனில் பேத்தியின் முகம் வரவில்லை.

மாதப்பன் இப்போதும் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறார். வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காருகிறார். நியூசிலாந்திலிருந்து ஏதாவது விசாரித்து வந்ததா என்று கேட்கிறார், இல்லை என்கிறார்கள். தெரிந்த போலீஸ்காரர்கள் டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். போன வாரம் அரூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு ஏட்டு, பெஞ்சில் இவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னா கேசு பெரியவரே?" என்று கேட்டார்.

"அதத்தான் போட மாட்டங்கறாங்க சார்" என்றார் மாதப்பன், கொஞ்சம் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டு.